முதலாம் மகேந்திரவர்மன்

முதலாம் மகேந்திரவர்மன் (ஆட்சிக்காலம்: ஏறத்தாழ கி.பி. 590 – 630) காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டு தொண்டை மண்டலத்தை ஆண்ட பல்லவ மன்னன் ஆவான். இவன் சிம்மவிஷ்ணுவின் மகன். மாமல்லன் எனப் புகழ்பெற்ற முதலாம் நரசிம்மவர்மனின் தந்தை. கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, நாடகம் ஆகிய பல கலைகளோடு தொடர்புடையவனாக இவன் அறியப்படுகிறான். விழுப்புரம் மாவட்டத்திலுள்ள மண்டகப்பட்டு என்னும் ஊரில் இவன் குடைவித்த கோயில், தொண்டை மண்டலத்தில் கருங்கல்லில் கோயில் அமைக்கும் மரபின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. வடமொழியில் இவன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகம் முழுமையாகக் கிடைத்துள்ளது.

ஒரே மன்னன் இத்தனை கலைகளோடு தொடர்புபடுத்தப்படுவதால், எது உறுதியான சான்றுடையது, எது ஊகம், எது பிற்காலக் கற்பனை என்று பிரித்தறிவது இவனைப் பற்றிய ஆய்வுகளில் இன்றியமையாததாக உள்ளது. இவனுடைய குடைவரைகளும் நாடகமும் இன்றும் கண்முன் உள்ளன. ஓவியமும் இசையும் பெரும்பாலும் பட்டப்பெயர்கள் வழியாகவும் சிதைந்த கல்வெட்டுகள் வழியாகவுமே தெரியவருகின்றன.

காலமும் பின்னணியும்

சிம்மவிஷ்ணுவின் காலத்தில் பல்லவர் ஆட்சி காஞ்சியை நடுவாகக் கொண்டு தெற்கே காவிரி வரை பரவியது. மகேந்திரவர்மன் அரியணை ஏறியபோது வடக்கே ஆந்திர நாட்டின் சில பகுதிகளும் பல்லவர் ஆட்சியில் இருந்தன. இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் சேஜர்லா என்னும் ஊரில் இவன் பட்டப்பெயரைக் கொண்ட கல்வெட்டு உள்ளது.

இவனுடைய ஆட்சித் தொடக்கத்தை முன்பு சிலர் கி.பி. 600 அல்லது அதற்கும் பின்னாகக் குறித்தனர். திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் வட்டாரத்தில் கண்டறியப்பட்ட நடுகற்கள் அக்கணிப்பைத் திருத்த உதவின. அவற்றில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டுகள் இவனுடைய ஆட்சியாண்டுகளைக் குறிப்பிடுகின்றன. எடுத்தனூரில் உள்ள நடுகல் இவனது 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. மாட்டு மந்தையைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனையும், அவனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயையும் அக்கல் நினைவுகூர்கிறது. இத்தகைய நடுகற்களால் மகேந்திரவர்மன் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டது தெரியவந்தது. அரசன் வடமொழியில் கல்வெட்டுகளைப் பொறித்த அதே காலத்தில், அவனது நாட்டின் சிற்றூர்களில் தமிழ் எழுத்து வழக்கு உயிருடன் இருந்ததையும் இவை காட்டுகின்றன.

பட்டப்பெயர்கள்

மகேந்திரவர்மன் தனக்குப் பல பட்டப்பெயர்களைச் சூட்டிக்கொண்டான். அவை வெறும் புகழ்ச்சொற்களாக மட்டும் இல்லாமல், அவன் தன்னை எவ்வாறு காண விரும்பினான் என்பதை அறியவும் உதவுகின்றன.

விசித்திரசித்தன் என்பது புதுமையை நாடும் மனமுடையவன் என்று பொருள்படும். சித்திரகாரப்புலி என்பது ஓவியருள் புலி போன்றவன் என்பதாகும். சேத்தகாரி என்னும் பெயர் கோயில்களை எடுப்பிப்பவன் என்று பொருள் கொள்ளப்படுகிறது. சங்கீர்ணஜாதி என்பது இசை தொடர்பான பெயர் என்பர். மத்தவிலாசன் என்பது களிப்பில் திளைப்பவன் எனப் பொருள்படும். இதுவே அவனுடைய நாடகத்தின் பெயராகவும் அமைந்தது. இவற்றைத் தவிர குணபரன், லளிதாங்குரன், அவனிபாஜனன், சத்ருமல்லன், லக்ஷிதன், பகாப்பிடுகு முதலிய பெயர்களும் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. இவற்றுள் பகாப்பிடுகு என்பதிலுள்ள பிடுகு என்னும் சொல் இடியைக் குறிக்கும்.

இவன் குடைவித்த கோயில்கள் பலவற்றுக்கு இப்பட்டப்பெயர்களே பெயராக இடப்பட்டன. ஆகவே கல்வெட்டில் மகேந்திரன் என்ற பெயர் நேரடியாக இல்லாத இடங்களிலும், கோயில் யாருடையது என்பதை ஆய்வாளர்களால் அறிய முடிந்தது. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் உள்ள குடைவரையில் இப்பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அக்குடைவரை பின்னாளில் தர்காவாக மாறியது.

குடைவரைக் கோயில்கள்

மகேந்திரவர்மனுக்கு முன்பு தமிழகத்துக் கோயில்கள் செங்கல், மரம், சுதை, உலோகம் ஆகியவற்றால் கட்டப்பட்டன. அவை மழையாலும் தீயாலும் கறையானாலும் அழியக்கூடியவை. அக்காலக் கோயில் எதுவும் முழு உருவில் இன்று எஞ்சவில்லை. மறுபுறம், கல் என்பது தமிழகத்தில் நெடுங்காலமாக இறந்தோர் நினைவோடு இணைந்திருந்தது. விழுப்புரம் மாவட்டத்து உடையார்நத்தத்தில் மனித உருவை ஒத்த பெருங்கற்காலக் கல் ஒன்று உள்ளது. வீரர்க்கு நடுகல் நடும் வழக்கும் பரவலாக இருந்தது. கல்லுக்கு இவ்வாறு ஈமத்தோடு தொடர்பு இருந்ததாலேயே தெய்வத்துக்குரிய கோயிலில் அது நெடுங்காலம் பயன்படுத்தப்படவில்லை என்று கோயிற்கலை ஆய்வாளர் கே. ஆர். சீனிவாசன் கருதினார். இக்கருத்தை ஏற்றால், மண்டகப்பட்டில் நிகழ்ந்தது கட்டுமானப் பொருளின் மாற்றம் மட்டுமன்று. வழக்கத்தை மீறிய செயலும் ஆகும்.

பாறையைக் குடையும் கலை அதற்கு முன்பே இந்தியாவின் பிற பகுதிகளில் வளர்ந்திருந்தது. அஜந்தா, பாதாமி ஆகிய இடங்களின் குகைகள் புகழ்பெற்றவை. கிருஷ்ணை ஆற்றங்கரையிலுள்ள உண்டவல்லிக் குகைகளைக் கண்டே மகேந்திரவர்மன் இக்கலையைத் தன் நாட்டுக்குக் கொணர்ந்தான் என்று புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கூறினார். இக்கருத்தைப் பின்வந்தோர் அனைவரும் ஏற்கவில்லை. பாண்டிய நாட்டின் பிள்ளையார்பட்டிக் குடைவரை மண்டகப்பட்டுக்கு முற்பட்டது என்று கருதுவோரும் உளர். எவ்வாறாயினும், பாதாமியின் மணற்கல்லைவிட மிகக் கடினமான தொண்டை நாட்டுக் கருங்கல்லில் தொடர்ந்து பல கோயில்களைக் குடைவித்த மன்னன் மகேந்திரவர்மனே ஆவான்.

மண்டகப்பட்டு

மண்டகப்பட்டு, விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் அமைந்த சிற்றூர். இங்குள்ள சிறு குன்றில் குடையப்பட்ட கோயிலின் பெயர் லக்ஷிதாயதனம். லக்ஷிதன் எடுப்பித்த உறைவிடம் என்பது இதன் பொருள். பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவருக்கும் இது உரியது. பின்சுவரில் மூன்று கருவறைகள் வரிசையாக உள்ளன. அவை இன்று வெறுமையாக உள்ளன. அக்கருவறைகளில் சுதை, மரம் அல்லது ஓவியத்தால் ஆன தெய்வ உருவங்கள் இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

கோயிலின் முகப்பில் உள்ள வடமொழிக் கல்வெட்டு கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டது. விசித்திரசித்தன் என்னும் மன்னன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எவையுமின்றி இக்கோயிலை மூன்று தெய்வங்களுக்காக அமைத்தான் என்னும் செய்தியை அது தருகிறது. கோயில் எப்பொருளால் ஆனது என்று கூறாமல், எப்பொருள்கள் இல்லாமல் ஆனது என்று கூறுவது இதன் சிறப்பு. அழியும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சுட்டி விலக்கியதிலிருந்து, தான் செய்வது புதியது என்பதை அம்மன்னன் நன்கு உணர்ந்திருந்தான் எனலாம்.

இக்குடைவரையின் அமைப்பு மிக எளிமையானது. முகப்பில் இரண்டு முழுத்தூண்களும் இருபுறமும் இரண்டு அரைத்தூண்களும் உள்ளன. தூணின் அடியும் மேற்பகுதியும் சதுரமாகவும் இடைப்பகுதி எட்டுப் பட்டையாகவும் செதுக்கப்பட்டுள்ளன. தடித்த இத்தூண் வடிவமே மகேந்திரவர்மன் பாணி என்று அழைக்கப்படும் கலைப்பாணியின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. முகப்பின் இரு முனைகளிலும் உள்ள மாடங்களில் பெரிய வாயிற்காவலர் உருவங்கள் புடைப்புச் சிற்பங்களாக நிற்கின்றன. தமிழகத்தில் கருங்கல்லில் செதுக்கப்பட்ட மிகப் பழைய பெருஞ்சிற்பங்களுள் இவை அடங்கும்.

தளவானூர்

தளவானூர்க் குடைவரை மண்டகப்பட்டுக்கு வடக்கே உள்ளது. விழுப்புரம் – திண்டிவனம் தொடர்வண்டிப் பாதையிலுள்ள பேரணி நிலையத்திலிருந்தும் இவ்வூரை அடையலாம். தென்பெண்ணையாற்றங்கரையில் இதே பெயருடைய மற்றோர் ஊரும் விழுப்புரம் மாவட்டத்தில் இருப்பதால், பார்வையிடச் செல்வோர் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

இக்கோயில் சத்ருமல்லேசுவரம் எனப்படும். இது சிவபெருமானுக்குரியது. மண்டகப்பட்டின் எளிமையோடு ஒப்பிடும்போது இங்கு அலங்காரம் மிகுந்துள்ளது. முகப்புத் தூண்களின் மேல் மகர தோரணம் செதுக்கப்பட்டுள்ளது. மரத்தாலும் துணியாலும் மலர்களாலும் வாயில்களில் கட்டப்பட்ட தோரணத்தைக் கல்லில் வடிக்கும் முயற்சி இது. மேலே பிதுங்கி நிற்கும் கபோதமும் அதிலுள்ள கூடுகளும் மரக்கட்டடத்தின் கூரை உறுப்புகளை நினைவூட்டுகின்றன. கருவறை, முகப்புக்கு நேர் எதிராக அமையாமல் மண்டபத்தின் பக்கச் சுவரில் குடையப்பட்டுள்ளது. வடமொழிக் கல்வெட்டோடு தமிழ்ப் பாடல் ஒன்றும் இங்குப் பொறிக்கப்பட்டுள்ளது.

மண்டகப்பட்டில் மன்னன் விலக்கிய மரம், தளவானூரில் கல்லின் வடிவமாகத் திரும்பி வந்திருப்பதைக் காணலாம். பொருள் மாறியபோதும் தச்சர்களின் வடிவ மரபு கைவிடப்படவில்லை. இதன்பின் வந்த பல்லவக் கோயில்கள் அனைத்திலும் இந்த இரட்டைத்தன்மை தொடர்கிறது.

திண்டிவனம் பகுதியிலுள்ள கீழ்மாவிலங்கையில் திருமாலின் நின்ற உருவம் செதுக்கப்பட்ட சிறிய குடைவரை ஒன்று உண்டு. அதில் மகேந்திரவர்மனின் கல்வெட்டு இல்லை. அதன் காலம் குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

பிற குடைவரைகள்

செங்கல்பட்டை அடுத்த வல்லத்தில் உள்ள குடைவரையை மகேந்திரவர்மனின் கீழிருந்த வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன் செய்வித்தான். மன்னனின் ஆர்வம் அவனுடைய குறுநிலத் தலைவர்களிடமும் பரவியதை இத்தமிழ்க் கல்வெட்டு காட்டுகிறது. இராணிப்பேட்டை மாவட்டத்து மகேந்திரவாடியில் திருமாலுக்குரிய மகேந்திர விஷ்ணுகிருகம் உள்ளது. இது தனியே நிற்கும் ஒரு பாறையில் குடையப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்தில் சீயமங்கலம், மாமண்டூர், குரங்கணில்முட்டம் ஆகிய இடங்களில் குடைவரைகள் உள்ளன. சீயமங்கலத்துக் கோயிலின் பெயர் அவனிபாஜன பல்லவேசுவரம். தென்கோடியில் உள்ளது திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் மேல் அமைந்த லளிதாங்குர பல்லவேசுவரம் ஆகும்.

குடையும் முறை

கட்டடம் கீழிருந்து மேலாக எழுப்பப்படுவது. குடைவரை வெளியிலிருந்து உள்ளாகவும் மேலிருந்து கீழாகவும் அகழப்படுவது. முற்றுப்பெறாத பல்லவக் குடைவரைகளைக் கொண்டு இம்முறையை ஆய்வாளர்கள் அறிந்துள்ளனர். முதலில் பாறையின் முகம் சமன்செய்யப்பட்டது. பின்னர் அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் உளியால் ஆழப்படுத்தப்பட்டன. இவ்வாறு பிரிந்த சதுரக் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. தூண்களுக்கான பகுதிகள் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டு, தடித்த கற்பாளங்களாக விடப்பட்டு, இறுதியில் வடிவமைக்கப்பட்டன.

செங்கல் கட்டடத்தில் தவறாக வைத்த கல்லை எடுத்து மாற்றலாம். குடைவரையில் உடைந்த தூணை மீண்டும் ஒட்ட முடியாது. எனவே முதல் உளி வைக்கும் முன்பே முழுக் கோயிலும் திட்டமிடப்பட்டிருக்க வேண்டும்.

சிற்பம்

மகேந்திரவர்மன் காலத்துச் சிற்பங்களில் வாயிற்காவலர்களே மிகுதி. பெரிய தண்டாயுதத்தின் மேல் சாய்ந்தும், ஒரு காலை மடித்தும், தலையில் பெரிய மகுடத்துடனும் அவர்கள் காணப்படுகின்றனர். இடுப்பை வளைத்து உடல் எடையை ஒருபுறம் சாய்த்து நிற்கும் தோற்றம் உயிர்ப்பைத் தருகிறது.

சீயமங்கலத்தில் தூணின் மேற்பகுதியில் சிவபெருமான் ஆடும் சிறிய சிற்பம் உள்ளது. தமிழகத்தில் கிடைத்துள்ள மிகப் பழைய ஆடவல்லான் கற்சிற்பங்களுள் இது ஒன்றாகும். சோழர் காலத்தில் செப்புத் திருமேனியாக உலகப் புகழ்பெற்ற வடிவத்துக்கு இது முன்னோடி.

திருச்சிராப்பள்ளிக் குடைவரையில் கருவறைக்கு எதிர்ச்சுவரில் உள்ள கங்காதரர் சிற்பம் இக்காலச் சிற்பக்கலையின் உச்சமாகக் கருதப்படுகிறது. இறங்கி வரும் கங்கையைச் சிவபெருமான் ஒரு சடையை நீட்டி ஏற்கும் காட்சி இதில் செதுக்கப்பட்டுள்ளது. இருபுறத் தூண்களிலும் உள்ள வடமொழிக் கல்வெட்டு, ஆறுகளை விரும்பும் இறைவன் காவிரியையும் விரும்பிவிடுவானோ என்று மலைமகள் ஐயுறுவதாகக் கற்பனை செய்கிறது. சிற்பத்தில் உள்ள கங்கையும், மலையின் கீழே ஓடும் காவிரியும், கல்வெட்டின் சொல்லும் இங்கே ஒன்றையொன்று சுட்டுகின்றன. சிற்பத்தையோ பாடலையோ தனித்துப் படிப்பவருக்கு இத்தொடர்பு புலப்படாது. இச்சிற்பத்தின் முகம் மன்னனையே குறிக்கிறது என்ற கருத்தை மைக்கேல் லாக்வுட் முதலிய ஆய்வாளர்கள் முன்வைத்துள்ளனர்.

மாமல்லபுரம் ஆதிவராகர் குடைவரையில் இரண்டு அரசர்களின் உருவங்கள் அவர்தம் தேவியருடன் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் மேல் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் ஆகிய பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நிற்கும் அரசன் முதலாம் மகேந்திரவர்மனே என்பது ஒரு சாரார் கருத்து. பிற்காலப் பல்லவர்களையே இப்பெயர்கள் குறிக்கின்றன என்பது மற்றொரு சாரார் கருத்து.

நாடகம்

மத்தவிலாசப் பிரகசனம்

பிரகசனம் என்பது வடமொழி நாடக வகைகளுள் எள்ளல் நிறைந்த சிறு நாடகத்தைக் குறிக்கும். மத்தவிலாசம் ஓர் அங்கம் மட்டுமே உடையது. இதன் முன்னுரையிலேயே நாடகத்தை இயற்றியவன் சிம்மவிஷ்ணுவின் மகனாகிய மகேந்திரவிக்கிரமவர்மன் என்று கூறப்படுவதால் ஆசிரியர் யார் என்பதில் ஐயமில்லை.

கதை காஞ்சிபுரத்தில் நிகழ்கிறது. சத்தியசோமன் என்னும் காபாலிகனும் அவன் துணைவி தேவசோமையும் மது மயக்கத்தில் தெருவில் வருகின்றனர். பிச்சைப் பாத்திரமாகிய மண்டையோடு காணாமற்போனதை அவர்கள் உணர்கின்றனர். அதில் இருந்த வறுத்த இறைச்சிக்காக நாயோ பௌத்தத் துறவியோ எடுத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கின்றனர். அவ்வழியே நாகசேனன் என்னும் பௌத்தத் துறவி தன் பாத்திரத்தை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு வருகிறான். புத்தர் மதுவையும் மகளிரையும் ஏன் விலக்கினார் என்று தனக்குள் வருந்திக்கொண்டு வருபவன் அவன். அவனைப் பிடித்துக் காபாலிகன் சண்டையிடுகிறான். பப்ருகல்பன் என்னும் பாசுபதன் நடுவராக வருகிறான். அவனாலும் வழக்குத் தீரவில்லை. இறுதியில் பித்தன் ஒருவன் நாயிடமிருந்து பறித்த மண்டையோட்டுடன் வந்து சேர, சிக்கல் அவிழ்கிறது.

துறவிகளின் போலித்தனத்தை எள்ளுவது இந்நாடகத்தின் நோக்கம் என்பது வெளிப்படை. காபாலிகர், பாசுபதர், பௌத்தர் ஆகிய எவரும் இதில் தப்பவில்லை. சமணரும் பேச்சினூடே கேலிக்குள்ளாகின்றனர். இதைவிடக் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்றுண்டு. வழக்கை அறங்கூறவையத்துக்குக் கொண்டு செல்லலாம் என்ற பேச்சு எழும்போது, விகாரங்களின் செல்வத்தைக் கொண்டு பௌத்தன் அங்குள்ள அலுவலர்களின் வாயை அடைத்துவிடுவான் என்று தேவசோமை அஞ்சுகிறாள். அந்த அவையம் நாடகத்தை எழுதிய மன்னனின் தலைநகரிலேயே உள்ளது. தன் ஆட்சியின் நீதிமன்றத்தில் கையூட்டு வாங்கப்படும் என்ற பேச்சை ஒரு மன்னனே மேடையில் ஏற்றியது அரிய நிகழ்வாகும்.

நாடகத்தில் வடமொழியோடு பிராகிருத வழக்குகளும் கையாளப்பட்டுள்ளன. மன்னனின் பட்டப்பெயர்கள் சில உரையாடல்களில் இரட்டுற மொழிதலாக வருகின்றன. கல்வெட்டுகளில் காணப்படும் பெயர்களே நாடகத்திலும் இருப்பதால், குடைவரைகளையும் நாடகத்தையும் செய்தவன் ஒருவனே என்பது உறுதியாகிறது.

இந்நாடகத்தின் ஏட்டுச்சுவடி கேரளத்தில் காக்கப்பட்டு வந்தது. த. கணபதி சாஸ்திரி இதனைத் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் 1917இல் பதிப்பித்தார். கேரளத்தின் கூடியாட்ட மரபில் சாக்கியார்கள் இந்நாடகத்தை நடித்து வந்துள்ளனர். காஞ்சியில் எழுதப்பட்ட நாடகம் தொண்டை நாட்டு மேடையிலிருந்து மறைந்தபின் கேரளக் கோயில்களில் நிலைத்தது.

பகவதஜ்ஜுகம்

பகவதஜ்ஜுகம் மற்றொரு நகைச்சுவை நாடகம். எமனின் ஏவலன் தவறான பெண்ணின் உயிரைக் கவர்ந்து செல்ல, யோகி ஒருவர் தம் உயிரை அக்கணிகையின் உடலில் புகுத்துகிறார். திரும்பி வந்த ஏவலன் கணிகையின் உயிரை யோகியின் உடலில் விடுகிறான். இதனால் விளையும் குழப்பமே கதை. மரபுவழியாக இது போதாயனர் இயற்றியது எனப்படுகிறது. மாமண்டூர்க் கல்வெட்டில் மத்தவிலாசத்தோடு இந்நாடகத்தின் பெயரும் காணப்படுவதைக் கொண்டு, இதுவும் மகேந்திரவர்மனுடையதே என்று மைக்கேல் லாக்வுட், விஷ்ணு பட் ஆகியோர் வாதிட்டுள்ளனர். கல்வெட்டு மிகவும் சிதைந்திருப்பதால் இக்கருத்து முடிந்த முடிபாக ஏற்கப்படவில்லை.

ஓவியம்

சித்திரகாரப்புலி என்னும் பட்டப்பெயர் மகேந்திரவர்மனின் ஓவிய ஆர்வத்துக்கு முதன்மைச் சான்று. மாமண்டூர்க் கல்வெட்டின் எஞ்சிய பகுதியில் தட்சிணசித்திரம் என்னும் சொல் வருகிறது. தென்னாட்டு ஓவியமுறை குறித்த ஒரு நூலுக்கு உரை செய்யப்பட்டதை இது குறிக்கிறது என்று அறிஞர்கள் கருதுகின்றனர். அந்நூல் கிடைக்கவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் ஓவியங்கள் மகேந்திரவர்மன் காலத்தவை என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. ழூவோ துப்ரேய் 1920இல் வெளியிட்ட கருத்தே இதற்கு அடிப்படை. பின்னர் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு படிக்கப்பட்டபோது, 9ஆம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்தது தெரியவந்தது. இதனால் அவ்வோவியங்கள் பாண்டியர் காலத்தவை என்னும் கருத்து வலுப்பெற்றது. பழைய பாடநூல்களிலும் பயண நூல்களிலும் காணப்படும் பழைய கருத்தை மாணவர்கள் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஓவிய மரபு மிகத் தொன்மையானது. கீழ்வாலையில் வரலாற்றுக்கு முற்பட்ட பாறை ஓவியங்கள் உள்ளன. பனைமலையில் இராசசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், குடையின் கீழ் நிற்கும் தேவியின் ஓவியம் எஞ்சியுள்ளது. பல்லவர் ஓவியம் எத்தகையது என்பதை அறிய அதுவே இப்பகுதியில் உள்ள சிறந்த சான்று. ஆனால் அது மகேந்திரவர்மனுக்கு ஏறத்தாழ 80 ஆண்டுகள் பிற்பட்டது.

இசை

சங்கீர்ணஜாதி என்னும் பெயர் தாளம் அல்லது பண் வகை ஒன்றோடு தொடர்புடையது என்று விளக்கப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் பாறையின் மேல் பொறிக்கப்பட்ட இசைக் கல்வெட்டை மகேந்திரவர்மனுடையது என்று பலர் எழுதியுள்ளனர். கிரந்த எழுத்தில் அமைந்த இக்கல்வெட்டு ஏழு பிரிவுகளாக, ஏழு பண்களுக்குரிய சுரக் கோவைகளைத் தருகிறது. சுரங்கள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணவனும் சிவபக்தனுமாகிய ஓர் அரசன் மாணவர் நலனுக்காக இதனை அமைத்தான் என்ற செய்தி இதன் இறுதியில் உள்ளது.

அரசனின் பெயர் கல்வெட்டில் இடம்பெறவில்லை. எழுத்தமைதியை வைத்து இதன் காலத்தைச் சற்றுப் பிற்படுத்துவோரும் உளர். மேலும் குடுமியான்மலை, மகேந்திரவர்மனின் ஐயமற்ற கல்வெட்டுகள் கிடைக்கும் பகுதிக்குத் தெற்கே உள்ளது. எனவே இக்கல்வெட்டு இந்திய இசை வரலாற்றின் அரிய ஆவணம் என்பதில் ஐயமில்லை என்றாலும், அதனை மகேந்திரவர்மனின் படைப்பாக உறுதியிட்டுக் கூறுவதற்கில்லை.

சமயம்

மகேந்திரவர்மன் முதலில் சமணனாக இருந்து திருநாவுக்கரசரால் சைவனாக மாறினான் என்ற கருத்து பரவலானது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் இதற்கு மூலம். திருநாவுக்கரசரைத் துன்புறுத்திய பல்லவ மன்னன் பின்னர் மனம் மாறி, பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயிலைக் கட்டினான் என்று அந்நூல் கூறுகிறது. குணபரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர் ஆதலால் அம்மன்னன் இவனே எனக் கொள்ளப்பட்டது. திருச்சிராப்பள்ளிக் கல்வெட்டில் மன்னன் மாற்று நெறியிலிருந்து இலிங்கத்தின்பால் திரும்பியதைக் குறிக்கும் தொடர் இருப்பதும் துணைச் சான்றாகக் காட்டப்படுகிறது. அத்தொடர் தருக்க நூற் சொற்களால் அமைந்த சிலேடை என்பதால், அதனை வரலாற்றுச் செய்தியாகக் கொள்வதில் கருத்து வேறுபாடு உள்ளது.

மண்டகப்பட்டில் மும்மூர்த்திகளுக்கும், மகேந்திரவாடியில் திருமாலுக்கும், தளவானூரிலும் சீயமங்கலத்திலும் சிவனுக்கும் கோயில்கள் அமைத்தவன் இவன். செஞ்சி, திண்டிவனம் பகுதியில் சமணமும் தொடர்ந்து வாழ்ந்தது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் உள்ளன. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இயங்கி வருகிறது.

போர்கள்

மகேந்திரவர்மனின் ஆட்சியில் பல்லவர் – சாளுக்கியர் பகை முற்றியது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி வேங்கி நாட்டைக் கைப்பற்றித் தன் தம்பியை அங்கு அமர்த்தினான். 634ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐகொளெ கல்வெட்டு, பல்லவன் காஞ்சியின் மதிலுக்குப் பின் ஒளிந்தான் என்று சாளுக்கியர் தரப்பில் கூறுகிறது. பல்லவர் தரப்பிலான காசக்குடிச் செப்பேடு, மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்கிறது. அப்பகைவர் யார் என்று பெயர் சுட்டவில்லை. இரண்டையும் இணைத்து நோக்கினால், வடபகுதியை இழந்தபோதும் தலைநகர் காக்கப்பட்டது என்பது தெளிவாகும். இவ்விழப்புக்கு ஈடாக நரசிம்மவர்மன் 642இல் வாதாபியைக் கைப்பற்றினான்.

நீர்நிலைகள்

மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம் என்னும் ஏரியை இவன் அமைத்தான். மாமண்டூரிலுள்ள சித்திரமேகத் தடாகமும் இவனோடு தொடர்புபடுத்தப்படுகிறது. மகேந்திரவாடிக் கோயில் ஏரிக்கரையில் அமைந்ததாகவே கல்வெட்டு குறிப்பிடுகிறது. ஆற்றுவளம் குறைந்த தொண்டை நாட்டில் ஏரியே வேளாண்மைக்கு ஆதாரம் ஆகும்.

மதிப்பீடு

பல கலைகளில் ஒருங்கே திறன்பெற்றவர் என்றால் இத்தாலிய மறுமலர்ச்சிக்காலக் கலைஞர்களை நினைப்பது வழக்கம். சிற்பம், ஓவியம், கட்டடம், கவிதை ஆகிய நான்கிலும் படைப்புகளை விட்டுச்சென்ற மைக்கலாஞ்சலோ (1475 – 1564) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மகேந்திரவர்மனை அவரோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. மைக்கலாஞ்சலோ தம் கையால் உளி பிடித்தவர். மண்டகப்பட்டிலும் தளவானூரிலும் உளி பிடித்தவர்கள் கல்தச்சர்கள். மன்னனின் பெயர் பாறையில் உள்ளது. அவர்களின் பெயர்கள் அங்கு இல்லை. நாடகம் ஒன்றே மகேந்திரவர்மனின் சொந்தப் படைப்பு என்று உறுதியாகக் கூறத்தக்கது. குடைவரைகளில் அவனுக்குரியது முடிவும் நோக்கமும் ஆதரவும் ஆகும்.

அம்முடிவின் விளைவு பெரிது. மண்டகப்பட்டிலிருந்து மாமல்லபுரத்தின் ஒற்றைக்கல் கோயில்களும், அவற்றிலிருந்து காஞ்சி கைலாசநாதர் கோயிலும், பின்னர் சோழர்களின் கற்றளிகளும் படிப்படியாக வளர்ந்தன. இம்மன்னன் விரும்பிய கலைகளுள் கல்லில் செய்யப்பட்டவை மட்டும் அவன் ஊர்களிலேயே நின்றன. நாடகம் நடிகர்களின் நினைவாலும் ஏட்டாலும் வேற்றிடத்தில் பிழைத்தது. சுவரில் தீட்டப்பட்டதும் வாயால் பாடப்பட்டதும் மறைந்தன. அழியும் பொருள்களை விலக்குவதாக மண்டகப்பட்டில் அவன் அறிவித்தது எவ்வளவு சரியானது என்பதை அவனுடைய பிற கலைகளின் மறைவே உறுதிப்படுத்துகிறது.

பிற்கால நினைவு

கல்கி எழுதிய சிவகாமியின் சபதம் என்னும் புதினத்தில் மகேந்திரவர்மன் முதன்மைப் பாத்திரங்களுள் ஒருவன். 1940களில் தொடராக வெளிவந்த இப்புதினம் இம்மன்னனைத் தமிழ் வாசகர்களிடம் பெரிதும் அறிமுகப்படுத்தியது. அதில் வரும் மாறுவேடச் செயல்களும் உரையாடல்களும் கற்பனை ஆகும். மண்டகப்பட்டு, தளவானூர் ஆகிய இரு குடைவரைகளும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.